மூடிய இமைக்குள்ளே: தூக்கமும் கண்ணும் – வாசகர் கேள்வி பதில்

கண் பற்றி வந்த கடிதங்களில் தூக்கத்தோடு தொடர்புள்ளவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) இரவு வேலை. பின்னேரம் ஏறினால் விடியத்தான் இறக்கம். பகலில் நாலு, நாலரை மணி நேரம் படுப்பேன். விடியப்புறம் மூன்று மணிக்கு மேல் கண்ணுக்குள் மணல் கொட்டினது போல இருக்கும். எரிச்சல், சிவப்பு. சில நேரம் பார்வை மங்கும். இமையைக் கொட்டினால் தெளியும். தூக்கம் இல்லாமல் பார்வை போய்விடுமா?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: போகாது. இமையைக் கொட்டினால் தெளிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ கோளாறு என்றால் ஆயிரம் முறை கொட்டினாலும் தெளியாது. உங்களுக்கு மங்குவது கண்ணின் மேல் பூசியிருக்கும் கண்ணீர்ப் படலம்.

அந்தப் படலம் ஒரு தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட வராது. கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் வழுவழுப்பு அடியில், தண்ணீர் நடுவில், அது ஆவியாகாமல் காக்கும் எண்ணெய் மேலே. எண்ணெயைத் தருவது இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் சின்னச் சுரப்பிகள். நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் நாம் இமைகொட்டும்போது இந்த மூன்றும் புதிதாகப் பூசப்படுகின்றன. தூக்கம் குறைந்தவருக்குக் கண்ணீர் சுரப்பது குறைகிறது, சுரப்பதிலும் உப்பு கூடுகிறது, படலம் சீக்கிரமே கிழிந்து போகிறது. தூக்கக் கலக்கத்தில் இமை முழுவதும் மூடாமல் அரைகுறையாகக் கொட்டுவதும் சேர்ந்துகொள்ளும். இதற்கு மேல் உங்கள் வேலை இடம்: வாட்டும் இடத்தில் மின்விசிறிக் காற்று, சலிக்கும் இடத்தில் தேயிலைத் தூசி. கண் எரியாவிட்டால்தான் ஆச்சரியம்.

முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். பகலில் ஒரே மூச்சில் அது வராது. லயத்தில் பிள்ளைகளின் சத்தம், பீலியடியில் பேச்சு என்று எழும்பிவிடுவீர்கள். காலை எட்டு மணியிலிருந்து நாலரை மணி நேரம், பிறகு வேலைக்குப் போகுமுன் இரண்டரை மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்துப் படுங்கள். காம்பரா ஜன்னலில் கறுப்புப் பொலித்தீனோ தடித்த கம்பளியோ தொங்கவிடுங்கள். வீட்டுக்கு நடந்து வரும்போதே தொப்பி போடுங்கள். காலை வெயில் கண்ணில் நன்றாகப் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும், அதன்பிறகு தூக்கம் வருவது பாடு.

அடுத்தது தேத்தண்ணி. ஸ்டோரில் வேலை செய்பவரிடம் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். உள்ளே போன கபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குப் படுப்பதென்றால் கடைசிக் கோப்பை இரவு இரண்டு மணியோடு நிற்க வேண்டும். அதற்குப் பிறகு சுடுதண்ணி.

கண்ணுக்கு 0.5 சதவீத கார்பொக்சிமெதைல்செலுலோஸ் சொட்டு மருந்து பாமசியில் கிடைக்கும். வெறும் ஈரப்பதம் தருவது. நாளுக்கு நான்கு தடவை போடலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பதனப்பொருள் சேராத வகையைக் கேளுங்கள், பதனப்பொருளே கண்ணை அரிக்கும். போடும் விதம்: கையைக் கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு பை போல வரும்; அதற்குள் ஒரேயொரு சொட்டு. இரண்டாவது சொட்டுக்கு அங்கே இடமில்லை, கன்னத்தில்தான் வழியும். போத்தல் நுனி இமையில் படக்கூடாது. திறந்து ஒரு மாதம் ஆனால் மிச்சமிருந்தாலும் வீசிவிடுங்கள்.

வாங்கக்கூடாதவை இரண்டு. கண் சிவப்பை உடனே வெளுக்க வைக்கும் சொட்டுகள் இரத்தக் குழாயைச் சுருக்கி வேலை செய்கின்றன. விட்டதும் முன்னைவிடச் சிவக்கும், மறுபடி போடத் தோன்றும். இன்னொன்று ஸ்டீரொயிட் கலந்த சொட்டு. அடுத்த வீட்டுக்காரருக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த மிச்சம் என்று கைமாறுவது பெரும்பாலும் இதுதான். எரிச்சல் மாயமாக நிற்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் கண் அமுக்கம் ஏறும், கண்புரை வரும்.

தூசி விழுந்தால் லேஞ்சியால் கசக்காதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோப்பையில் எடுத்து, தலையைச் சரித்து ஊற்றிக் கழுவுங்கள். வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், சீழ், கொட்டியும் தெளியாத மங்கல் என்றால் தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காமல் கண் டொக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: மூன்று நாளாக இடது கண் இமை துடிக்கிறது. பெண்ணுக்கு இடது துடித்தால் நல்லது என்று அம்மாயி சந்தோஷப்படுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: அம்மாயியின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம். இமையைச் சுற்றியுள்ள தசையின் சில இழைகள் தாமாகத் துள்ளுவதுதான் இது. தூக்கக் குறைவு, கூடுதலான தேநீர் அல்லது கோப்பி, மன உளைச்சல் ஆகியவை வழக்கமான காரணங்கள். நல்ல தூக்கம் கிடைத்தால் சில நாளில், மிஞ்சினால் ஓரிரு வாரத்தில் நிற்கும். மூன்று வாரம் தாண்டினால், இமை தானாக இறுக மூடிக்கொண்டால், கன்னமும் வாயோரமும் சேர்ந்து இழுத்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மகளுக்கு இந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை. இரவு ஒரு மணி வரை படித்து, விடிய நாலரைக்கு எழும்புகிறாள். போன வருஷம் 1.25 ஆக இருந்த கிட்டப்பார்வைக் கண்ணாடி இப்போது 2.00. தூக்கம் குறைந்ததாலா? போனில் பாடம் பார்ப்பதால் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வாங்க வேண்டாம். இந்த வகைக் கண்ணாடிகள் பற்றிய 17 பரிசோதனைகளை ஒன்றாகத் தொகுத்து, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வு 2023 இல் வெளிவந்தது. சாதாரணக் கண்ணாடியைவிட இவை கண் களைப்பைக் குறைப்பதாக அதில் தெரியவில்லை. போன் வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிடுவதில்லை. விழித்திரையில் உருவம் பார்க்காத, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் மூளைக்குச் சொல்லும் கலங்கள் சில உண்டு. நீலத்தில் அவை அதிகம் உசுப்பப்படும். உசுப்பப்பட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். ஆகவே படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன் போனை அடுப்படி றாக்கையில் வைத்துவிடுவதே போதும், செலவும் இல்லை.

இனி கண்ணாடி இலக்கம். கண் உருண்டை நீளமாக வளர்வதால் கிட்டப்பார்வை கூடுகிறது. ஒரு மில்லிமீற்றர் நீண்டால் இலக்கம் 2.5 அளவில் ஏறும். உங்கள் மகளின் 0.75 ஏற்றம் கால் மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும் வளர்ச்சி. இதற்குப் பரம்பரையும், கிட்ட வைத்து நீண்ட நேரம் படிப்பதும், பகல் வெளிச்சத்தில் நிற்காததும் காரணம். தூக்கக் குறைவு நேரடியாக இலக்கத்தை ஏற்றுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, அதனால் அந்தப் பழியைத் தூக்கத்தின் மேல் போட நாம் தயாரில்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது. களைத்த கண்ணில், கிட்டப் பார்ப்பதற்காகச் சுருங்கும் உட்தசை சுருங்கியபடியே நின்றுவிடும். அந்த நிலையில் சோதித்தால் இலக்கம் உண்மையைவிடக் கூடவே காட்டும். 2.00 என்பது எந்த நேரத்தில், எப்படிச் சோதித்து வந்தது? மூன்றரை மணி நேரம் தூங்கிய பிள்ளையை வகுப்பு முடிந்த கையோடு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போயிருந்தால் அந்த இலக்கத்தை நம்ப வேண்டாம். இரண்டு, மூன்று இரவு நன்றாகத் தூங்கவிட்டு, கண் டொக்டரிடம், தசையைத் தளர்த்தும் சொட்டு போட்டுச் சோதியுங்கள். அன்று முழுவதும் கிட்ட எழுத்து மங்கலாகத்தான் தெரியும், ஆகவே பரீட்சைக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியக் காலையில் படித்தால் மண்டையில் ஏறும் என்பது ஒன்பது மணிக்கே படுத்த காலத்துப் பேச்சு. ஒரு மணிக்குப் படுத்தவளை நாலரைக்கு எழுப்பினால், படித்ததை மூளை அடுக்கி வைக்கும் நேரத்தைத்தான் வெட்டுகிறோம். இரவுப் படிப்பு, விடியப் படிப்பு இரண்டில் ஒன்றை அவளே தெரிந்தெடுக்கட்டும். பத்து மணிக்குப் படுத்து ஆறுக்கு எழும்பினால் குறைந்தபட்சமான எட்டு மணி நேரம் கிடைத்துவிடும்.

புத்தகத்துக்கும் கண்ணுக்கும் இடைத்தூரம், முழங்கையை மேசையில் ஊன்றி, மூடிய கையைக் கன்னத்தில் வைத்தால் வரும் தூரம். கூரையில் தொங்கும் ஒற்றை பல்ப் போதாது. வலக்கையால் எழுதுபவர் என்றால் இடது பக்கமிருந்து மேசை விளக்கு வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியே எதிர் மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் கொழும்புப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகளுக்கு வசதி கூட. பகலில் வெளியே நிற்பது அதைவிட முக்கியம். மப்பும் மந்தாரமுமான நாளில்கூட வெளியே உள்ள வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. தினம் இரண்டு மணி நேரம் இலக்காக வையுங்கள். பள்ளிக்கு ஏறி இறங்கும் நடையும் இடைவேளையும் கணக்கில் சேரும். கண்ணாடியே போடாத தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களையும் அனுப்புங்கள், கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான் வெளிவெளிச்சத்தின் பலன் அதிகம்.

கேள்வி: எனக்குக் காலையில் எழும்பும்போதுதான் கண் எரிச்சல். பகல் ஏற ஏறச் சரியாகிவிடும். எட்டு மணி நேரம் தூங்குகிறேன். விறகடுப்புப் புகைதான் காரணமென்று அடுப்பையும் மாற்றிவிட்டோம். குறையவில்லை.
– ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: புகை என்றால் சமைக்கும் நேரத்தில் எரியும். கணினி, போன் என்றால் பின்னேரம் எரியும். எழும்பும்போது எரிகிறதென்றால் கோளாறு தூக்கத்துக்குள் நடக்கிறது. இமை முழுவதும் மூடாமல் தூங்குகிறீர்கள் என்பதே எங்கள் முதல் சந்தேகம்.

சோதிப்பது சுலபம். நீங்கள் நன்றாகத் தூங்கிய பிறகு வீட்டில் ஒருவர் டொர்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்து, அந்த மங்கிய ஒளியில் பார்க்கட்டும். இமைகளுக்கு நடுவே ஒரு கோடு போல வெள்ளை தெரிந்தால் அதுதான். தூங்கும்போது விழி மேலே சுழன்றுவிடுவதால் வெள்ளை மட்டும் தெரியும். கருவிழியின் கீழ்ப்பகுதி இரவு முழுக்கக் காய்கிறது. உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கும் வறண்ட கச்சான் காற்று ஜன்னல் இடுக்கால் வந்து முகத்தில் பட்டால் இன்னும் மோசம். கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

படுத்து விளக்கை அணைத்த பிறகு, கண்ணுக்கான ஈரக் களிம்பை அரை சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கீழ் இமைப் பைக்குள் இடுங்கள். பார்வை மங்கும் என்பதால்தான் விளக்கை அணைத்த பிறகு. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் டொக்டர் பார்த்து, இமையைக் கடதாசிப் பிளாஸ்ரரால் ஒட்டும் முறையைக் காட்டித் தருவார். அதை நீங்களாகச் செய்யாதீர்கள்; இமை சரியாக மூடாமல் ஒட்டினால் பிளாஸ்ரரே கருவிழியில் உராயும்.

கண்கள் இரண்டும் முன்தள்ளியது போல இருந்தால் தைரொயிட் சோதனை வேண்டும். திடீரென ஒரு பக்க இமை மட்டும் மூடாமல், வாயும் கோணினால் விடியட்டும் என்று பார்க்காமல் 1990 ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

இதே போன்று தோன்றும் இன்னொன்றும் உண்டு. விடியப்புறம் கண்ணைத் திறந்த நொடியில் சுரீரென்று கிழிப்பது போன்ற வலி, ஒரு கண்ணில் மட்டும். முன்பு எப்போதோ நகமோ தேயிலைக் குச்சியோ கீறிய இடத்தில் மேல்தோல் சரியாக ஒட்டாமல், இரவில் காய்ந்து இமையோடு ஒட்டி, திறக்கும்போது உரிந்து வருகிறது. அப்படியென்றால் கண்ணைத் திறக்குமுன் மூடிய இமைக்குள்ளேயே விழியை மெல்ல அசையுங்கள், பிறகு மெதுவாகத் திறவுங்கள். கொழுந்து எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: குச்சி கீறிய கண்ணில் பூஞ்சணம் பிடித்துப் புண்ணாகலாம். தாய்ப்பால், கை வைத்தியம், கையிலிருக்கும் பழைய சொட்டு எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: கணவருக்கு 54 வயது, லொறி ஓட்டுகிறார். சீனி வருத்தம் இருக்கிறது, நல்ல உடம்பு, குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இப்போது கண் அமுக்கம் கூட என்று இரவில் போடச் சொட்டு தந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் படுக்க வேண்டும்? தலையணை உயரமாக இருக்கலாமா?
– ஒரு வாசகி, பதுளை

பதில்: கண் அமுக்கம் வழமையாக 10 முதல் 21 வரை. உட்கார்ந்திருப்பவர் படுத்தால் அது சில புள்ளிகள் ஏறும். பலருக்கு நடுஇரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் உச்சம். கிளினிக்கில் பகலில் உட்கார வைத்து அளக்கிறார்கள். அளவு நன்றாக இருந்தும் நரம்பு தேய்கிறது என்றால் டொக்டர்கள் இரவை நினைப்பது இதனால்தான்.

குப்புறப் படுக்கக்கூடாது. பாதிப்புக் கூடிய கண் தலையணையில் அழுந்தும்படியும் படுக்கக்கூடாது. எந்தக் கண் மோசம் என்று கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தலையணைகளை அடுக்கினால் கழுத்து மடங்கி இரத்தம் இறங்குவது தடைப்படும், நோக்கமே கெட்டுவிடும். முதுகோடு சேர்த்துச் சாய்வாக உயர்த்த வேண்டும்: 75 சென்ரிமீற்றர் நீளம், தலைப்பக்கம் 27 சென்ரிமீற்றர் உயரம் உள்ள ஆப்பு வடிவ ஸ்பொஞ்ச் வெட்டுவித்தால் சுமார் 20 பாகை சாய்வு வரும். கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைப்பதால் ஐந்தாறு பாகைதான் கிடைக்கும்.

சொட்டு போட்டதும் மூக்கோரக் கண் மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்கட்டும். மருந்து மூக்குக்குள் வடிந்து உடம்பில் கலப்பது குறையும். டிமோலோல் சொட்டு என்றால் இது மிக முக்கியம், அது நாடித்துடிப்பைக் குறைக்கும்; ஆஸ்துமா இருப்பவருக்கு ஆகவே ஆகாது. பிரஷர் குளிசையை இரவில் எடுப்பவரானால் அதைக் கண் டொக்டரிடம் சொல்லுங்கள். இரவில் இரத்த அழுத்தம் தாமாகவே இறங்கும்; குளிசையும் சேர்ந்து மிகவும் இறக்கினால் பார்வை நரம்புக்குப் போகும் இரத்தம் குறையலாம். நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.

இனி குறட்டை. அமுக்கத்தைவிட எங்களுக்கு அதுதான் கவலை. ஒரு இரவு விழித்திருந்து கேளுங்கள். குறட்டை திடீரென நின்று, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சே இல்லாமல், பிறகு திணறி இழுக்கிறாரா? காலையில் தலையிடி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் உண்டா? சட்டைக் கழுத்து 17 அங்குலத்துக்கு மேலா? இவை இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். ஒவ்வொரு தடையிலும் இரத்தத்தில் ஒட்சிசன் விழுகிறது. பார்வை நரம்பு அந்தப் பஞ்சத்தைத் தாங்காது. இந்த நோய் உள்ளவர்களில் கண் அமுக்க நோயும், சீனியால் வரும் விழித்திரைப் பாதிப்பும் அதிகமாகக் காணப்படுகின்றன. மேல் இமை தொய்ந்து, தலையணையில் உராய்ந்து தானாக வெளிப்பக்கம் பிரண்டு, காலையில் சிவந்து ஒட்டியிருப்பதும் இவர்களிடம் வழக்கம்.

ஒரு நாள் காலையில் எழும்பும்போது வலியே இல்லாமல் ஒரு கண்ணில் பாதிப் பார்வை, அதிலும் கீழ்ப்பாதி, இல்லாமல் போயிருந்தால் அது நரம்புக்கு இரத்தம் நின்றதன் அடையாளம். அன்றைக்கே ஆஸ்பத்திரி, சொட்டு போட்டுப் பார்ப்போம் என்று ஒரு மணி நேரம்கூட வேண்டாம்.

நெஞ்சு வைத்தியப் பிரிவுக்கோ காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கோ கடிதம் கேட்டு வாங்கித் தூக்கச் சோதனை செய்யுங்கள். அதுவரை மல்லாந்து படுக்காமல், மோசமான கண் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கட்டும். இரவில் குடி வேண்டாம், அது தொண்டைத் தசையைத் தளர்த்தித் தடையைக் கூட்டும். மூச்சு இயந்திரம் தந்தால் முகமூடியின் மேல் விளிம்பால் காற்றுக் கசிந்து கண்ணைக் காயவைக்கிறதா என்று பார்த்து வாரை இறுக்குங்கள். விழித்திரைச் சோதனை வருடத்துக்கு ஒரு முறை, பார்வை நன்றாக இருந்தாலும்.

லொறி பற்றியும் ஒரு சொல். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் ஏறியவரின் நிதானத்துக்குச் சமம். பனிமூட்டத்தில் ஹப்புத்தளை வளைவுகளில் ஓட்டுபவர் சோதனை முடியும்வரை இரவு ஓட்டத்தை நிறுத்துவது நல்லது.

கேள்வி: கம்பஸ் விடுதியில் இருக்கிறேன், கொன்டக்ட் லென்ஸ் போடுகிறேன். வீட்டுக்குப் போகும் இரவு பஸ்ஸில் அதோடேயே தூங்கிவிடுகிறேன். ஒரு இரவுதானே?
– ஒரு மாணவி, பேராதனை

பதில்: கருவிழியின் முன்பக்கத்தில் இரத்தக் குழாய் இல்லை. விழித்திருக்கும்போது காற்றிலிருந்து நேராக ஒட்சிசன் எடுக்கிறது. இமை மூடினால் இமையின் உட்புறக் குழாய்களிலிருந்து கிடைப்பதுதான், அது காற்றில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. அதற்கும் நடுவில் லென்ஸை வைத்துவிடுகிறீர்கள். மூச்சு முட்டிய மேல்தோலில் நுண்ணிய வெடிப்பு விழும், கிருமி நுழையும். லென்ஸோடு தூங்குபவருக்குத் தொற்று வரும் ஆபத்து 6 முதல் 8 மடங்கு. பஸ் ஏறுமுன் கழற்றிவிட்டுப் பழைய கண்ணாடியைப் போடுங்கள்.

தவறித் தூங்கிவிட்டால் எழும்பியதும் பிடுங்காதீர்கள், மேல்தோலும் சேர்ந்து வரும். லென்ஸுக்கான ஈரச் சொட்டு இரண்டு போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் இமைகொட்டி, லென்ஸ் தானாக நகர்கிறதா என்று பார்த்துக் கழற்றுங்கள். அன்று முழுக்க மறுபடி போட வேண்டாம். வீட்டில் பீலித் தண்ணீரில் லென்ஸைக் கழுவவே கூடாது. எவ்வளவு தெளிந்த ஊற்று என்றாலும் அதில் இருக்கும் அகந்தமீபா என்ற உயிரி லென்ஸுக்கு அடியில் புகுந்து, மாதக்கணக்கில் ஆறாத புண்ணைத் தரும். சிவப்பு, வலி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் லென்ஸ் டப்பாவையும் கையோடு கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்தும் சோதிப்பார்கள்.

கேள்வி: தூங்கினாலும் கண்ணுக்குக் கீழே கறுப்பும், காலையில் வீக்கமும் போகவில்லை. என்ன பூசலாம்?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: பூசுவதற்கு முன் கீழ் இமையை இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். உள்புறம் நல்ல சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் இரத்தச்சோகையாக இருக்கலாம். மலையில் வேலை செய்யும் பெண்களிடம் அது சாதாரணம், இரத்தச் சோதனை கேளுங்கள். வீக்கம் பத்து மணிக்குள் வடிந்தால் பயமில்லை. படுக்கும்போது நீர் முகத்தில் தேங்குவதுதான். இரவுச் சாப்பாட்டில் கருவாடும் ஊறுகாயும் இருந்த மறுநாள் கூடவே தெரியும். பகல் முழுதும் வடியாமல், காலிலும் வீங்கி, சிறுநீர் நுரைத்தால் அது சிறுநீரகப் பிரச்சினையாக இருக்கலாம். காலை முதல் சிறுநீரைச் சுத்தமான போத்தலில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.